‘அதிபர் சிரிச்சவவாம்’

தனியார் பாடசாலை ஒன்றின் விடுதியில் பிள்ளைக்கு இடம் கேட்டுவிட்டு வந்த வீடுகளில் அடுத்த இரண்டு மாதத்துக்கு நடப்பது சகுனம் பார்க்கிற வேலைதான். அதிபர் சிரிச்சவவாம். பிள்ளையின்ர பேரைத் திருப்பி ஒருக்காக் கேட்டவவாம். விடுதியைச் சுத்திப் பார்க்க விட்டவையாம், அப்ப கட்டாயம் கிடைக்கும். இல்லையில்லை, எல்லாரையும்தான் சுத்திப் பார்க்க விடுறவை, அதில ஒண்டும் இல்லை. ரெலிபோன் எடுத்தபோது அலுவலகத்தில் இருந்தவர் “ஓ, நீங்களோ” என்றாராம். அந்த ‘ஓ’வுக்கு வீட்டில் நாலு பேர் நாலு பொருள் சொல்வார்கள். பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிற எங்கட தலைமுறைப் பெடியள்கூட, தங்கச்சிக்கு இடம் கேட்டுப் போனால் வட்ஸ்அப்பில் நீல அடையாளம் விழுந்துவிட்டதா என்று பத்துத் தரம் பார்க்கிறார்கள். பார்த்திட்டினம், பதில் போடேல்லை. அது நல்லதோ கெட்டதோ?

சனத்தின் மூடத்தனம் என்று இதைக் கேலி செய்து எழுதுவது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. பாடசாலை வாய் திறந்து சொல்லாத இடத்தில்தான் சனம் முகத்தைப் படிக்கத் தொடங்குகிறது. எத்தனை இடம் இருக்கிறது, யாருக்கு முன்னுரிமை, எந்தத் திகதிக்குப் பதில் வரும் என்ற மூன்று விசயங்களை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினால் இந்தச் சகுன சாத்திரத்தில் பாதி அன்றைக்கே செத்துவிடும். ஒட்டாமல் வைத்திருப்பதில் யாருக்கோ வசதி இருக்கிறது. என்னுடைய கோபம் அந்த வசதி மேல்.

முதலில் ‘பாப்பம்’ என்ற சொல்லைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் இதைவிடக் கெட்டிக்காரச் சொல் கிடையாது. ‘பாப்பம்’ என்றால் ஓம் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம், ‘ஆரையும் கூட்டிக்கொண்டு வா’ என்றும் இருக்கலாம், ‘என்ன தருவாய்’ என்றும் இருக்கலாம். சொன்னவருக்கு ஒரு பொறுப்பும் இல்லை. கேட்டவருக்கு இரவு நித்திரை இல்லை. ‘பேந்து அறிவிக்கிறம்’, ‘லிஸ்ற்றில போட்டிருக்கிறம்’, ‘உங்கட நம்பர் எங்களிட்ட இருக்குத்தானே’ எல்லாம் இதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

கலியாணப் பேச்சில் இந்தப் பாசை எங்களுக்கு நல்ல பழக்கம். ‘சாதகம் பொருந்தேல்லை’ என்று செய்தி வந்தால் சாதகத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. சீதனம் போதவில்லையா, பகுதி பிடிக்கவில்லையா, பெடியனுக்கு வேறு எங்காவது தொடுப்பா என்றுதான் ஆராய்வோம். உண்மையைச் சொல்லாமல் இருக்கக் கண்டுபிடித்த மரியாதையான பொய் அது. கலியாணத்திலாவது இரண்டு பக்கமும் ஓரளவு சமம், அவர்களும் வேண்டாம் என்று சொல்லலாம், நாங்களும் சொல்லலாம். விடுதி அனுமதியில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நிறுவனம், இந்தப் பக்கம் பத்து வயதுப் பிள்ளை. அங்கே ‘இந்த வருசம் இடம் குறைவு’ என்பது சாதகம் பொருந்தாத கதைதான். எது குறைவு, ஆருக்குக் குறைவு என்று கேட்க வழியில்லை.

இதை எழுதும்போது உடுவிலை நினைக்காமல் இருக்க முடியாது. இந்தக் கதை தொடங்கிய இடமே அதுதான். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன்காரர், பெடியளுக்கு 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினார்கள். அடுத்த வருடம், 1824இல், உடுவிலில் ஹரியட் வின்ஸ்லோ பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அதுதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. இருநூறு வருடம் தாண்டிவிட்டது. ஆசியாவிலேயே பெண் பிள்ளைகளுக்கான முதல் விடுதிப் பாடசாலை என்று அதைச் சொல்வதுண்டு.

அந்தக் காலத்தில் விருப்பத்தின் குறியைத் தேடி அலைந்தது யார் தெரியுமோ? பாடசாலைதான். பெண் பிள்ளையைப் படிக்க விட ஒரு வீடும் தயாராக இருக்கவில்லை. மிஷன் வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. இரண்டு சின்னப் பிள்ளைகள் மிஷன் வீட்டைச் சுற்றி வந்து எட்டிப் பார்ப்பார்களாம். அந்த எட்டிப்பார்ப்பைத்தான் வின்ஸ்லோ அம்மையார் விருப்பம் என்று படித்தார். ஒருநாள் பெருமழை, பிள்ளைகள் வீடு போக முடியாமல் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டுவிட்டார்கள். மிஷன் வீட்டுச் சோறு தின்ற பிள்ளையைச் சாதிக் கட்டுப்பாடு உள்ள வீடு சும்மா திருப்பி எடுக்குமா? அப்படித்தான் அவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கும்படி ஆனது என்கிறது கதை. எவ்வளவு உண்மை, எவ்வளவு பிறகு ஏறிய சாயம் என்பது வேறு விசயம். யாருடைய விருப்பத்தை யார் படித்தார்கள் என்பதைக் கவனியுங்கோ. எட்டிப் பார்த்தது பிள்ளை. வா என்று கூப்பிட்டது பாடசாலை.

மிஷனைப் புனிதமாக்க எனக்கு ஆசை இல்லை. அவர்களுக்கு வேண்டியது மதமாற்றம். வட்டுக்கோட்டையில் படித்த பெடியளுக்குக் கிறிஸ்தவப் பெண்சாதி வேண்டும், அதற்காகவும்தான் பெண் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். பிள்ளையின் செலவைக் கட்டிய அமெரிக்கக் கொடையாளியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். நினைத்துப் பாருங்கோ, உடுவில் மண்ணில் பிறந்த பிள்ளை முகம் தெரியாத ஒரு அமெரிக்கச் சீமாட்டியின் பெயரோடு திரிந்திருக்கிறாள். படிப்பை முடித்துக் கலியாணம் செய்யும் பிள்ளைக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. எல்லாம் விலை பேசிய வியாபாரம்தான். ஆனால் விலை வெளியில் தெரிந்தது. சாப்பாடு தருவோம், உடுப்புத் தருவோம், சீதனம் தருவோம், பிள்ளை எங்கள் வேதத்தைப் படிக்கும். பிடித்தால் விடு, பிடிக்காவிட்டால் கூட்டிக்கொண்டு போ. தகப்பன்மார் சண்டை பிடிக்க முடிந்தது, ஏனென்றால் எதோடு சண்டை பிடிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

அந்த வெளிப்படையான விலைக்குத்தான் சைவர்கள் வெளிப்படையாகப் பதில் சொன்னார்கள். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிக் கல்லூரியை மருதனார்மடத்தில் கட்டினார். உடுவிலிலிருந்து சைக்கிளில் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பக்கத்திலேயே கட்டியது தற்செயல் என்று நான் நம்பவில்லை. உன் நிபந்தனை அது, என் நிபந்தனை இது. இரண்டையும் பார்த்து ஒரு தாய் தகப்பன் முடிவெடுக்கலாம்.

1840இல் வந்த எலைசா அக்னியூ கிட்டத்தட்ட நாற்பது வருடம் உடுவிலில் பெண் பிள்ளைகளைப் படிப்பித்தார். அந்த நாற்பது வருடத்துக்குள் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. சீதனம் கொடுத்துப் பிள்ளை பிடித்த பாடசாலைக்குத் தாங்களாகவே பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற வீடுகள் உருவாகிவிட்டன. படித்த தாயின் மகள், பிறகு அவளின் மகள். வரிசை திரும்பிவிட்டது. எட்டிப் பார்ப்பது இப்போது பிள்ளையும் பெற்றோரும், உள்ளே இருந்து படிப்பது பாடசாலை.

பாடசாலை எதைப் படிக்கிறது? எங்கட குறிகளைத்தான். சகுனத்தில் இந்தப் பக்கம்தான் எனக்கு அதிகம் பயம். யாழ்ப்பாணத்து நேர்முகங்களில் இன்றைக்கும் கேட்கப்படுகிற ஒரு கேள்வி இருக்கிறது. “நீங்கள் அந்த ஊரில எந்தப் பக்கம்?” கோயிலடியா, சந்தியடியா, வாய்க்கால் பக்கமா. முகவரி படிவத்திலேயே இருக்கிறது, பிறகேன் பக்கம்? இது புவியியல் கேள்வி இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் என்று 1920களிலும் 30களிலும் இங்கே பெரிய சண்டை நடந்தது. வாங்கிலும் சாப்பாட்டு மேசையிலும் அந்தச் சண்டை வென்ற பிறகு, சாதிக்கு மிச்சமாயிருக்கிற இடம் வாசல்தான். வாசலில் எழுத்து இல்லாவிட்டால் அது எவ்வளவு சுகமாக உட்காரலாம்!

அடுத்த கேள்வி: “வெளிநாட்டில ஆர் இருக்கினம்?” இதற்கு விளக்கம் தேவையில்லை.

என் சித்தியின் மகளுக்கு இது நடந்தது. பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம், உடுவில் இல்லை. சித்தி வீடு முல்லைத்தீவுப் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை, தரம் 6க்கு விடுதியில் விடலாம் என்று சாமத்தில் எழும்பி, இரண்டு பஸ் மாறி வந்தார்கள். நேர்முகம் ஏழெட்டு நிமிடம். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், வெளிநாட்டில் ஆர் என்று கேட்டார்கள். பிள்ளையிடம் ஒரு கேள்வி, என்ன புத்தகம் வாசிப்பாய் என்று. பிறகு ‘பாப்பம், அறிவிக்கிறம்’. அதோடு சிரிப்பும். அந்தச் சிரிப்பை நம்பி சித்தி, வேறொரு அரச பாடசாலை விடுதிக்குக் கொடுக்க வைத்திருந்த படிவத்தைக் கொடுக்கவில்லை. இரண்டு இடத்தில் கேட்டால் இவர்களுக்குத் தெரிந்து கோவிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவும் ஒரு சகுனம்! மூன்று மாதம். தவணை தொடங்கிவிட்டது. ஓம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. அரச விடுதியும் நிரம்பிவிட்டது.

சித்தியை விடுங்கோ, பெரிய ஆள், திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்ப்பா. பிள்ளை என்ன சொன்னவள் தெரியுமோ? “நான் உள்ளுக்குப் போகேக்க குட் மோர்னிங் சொல்ல மறந்திட்டன், அதாலதான்.” காரணம் சொல்லப்படாத இடத்தில் பிள்ளை தன்னையே காரணமாக வைக்கும். ‘முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு இந்த வருடம் கட்டில் இல்லை’ என்று ஒரு வரி வந்திருந்தால் அவள் பாடசாலையைத் திட்டியிருப்பாள். அந்த உரிமையைக்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை.

இப்போது அரச பாடசாலைப் பக்கம் பாருங்கோ. தரம் 1 அனுமதிக்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. பல வருடமாக அதில் இருந்த பங்கீடு: அருகில் குடியிருப்பவர்களுக்கு நூற்றுக்கு 50, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளின் சகோதரங்களுக்கு 15, கல்வித்துறையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்று வரும் உத்தியோகத்தர் பிள்ளைகளுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு 1. புள்ளி போட்டு, பட்டியல் ஒட்டி, மேன்முறையீடு கேட்பார்கள். இதில் கள்ளம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெயர்போன பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, மின்சாரப் பட்டியலைத் தங்கள் பெயருக்கு மாற்றி, குடியிருப்பதாகக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் அதைக் கள்ளம் என்று சொல்ல முடிகிறது, ஏனென்றால் விதி என்று ஒன்று இருக்கிறது. புள்ளியோடு வாதாடலாம். சிரிப்போடு எப்படி வாதாடுவது?

நானும் கூட்டாளிகளும் கலைப்பீடத்துக்குள் வந்தது இசட் புள்ளியால். அந்த முறையை எவ்வளவு திட்டினாலும், மாவட்ட வெட்டுப்புள்ளி வெளியான அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும், யார் உள்ளே, யார் வெளியே, எவ்வளவு வித்தியாசம். வெளியே நின்றவன் துணைவேந்தரின் முகத்தைப் படிக்கவில்லை. அடுத்த தரம் எடுப்பமோ, வேறு வழி பார்ப்பமோ என்று அன்றைக்கே யோசித்தான்.

தனியார் பாடசாலைக்காரர் உடனே சொல்வார்கள், நாங்கள் தனியார், எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று. இருக்கிறது. அந்த உரிமைக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1960, 1961 சட்டங்களால் அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, சில பாடசாலைகள் தனித்து நிற்கத் தீர்மானித்தன. உடுவில் மகளிர் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் அவற்றில் அடங்கும். கட்டணம் அறவிட முடியாது, அரசு காசும் இல்லை என்ற நிலையில் பழைய மாணவரின் காசாலும் திருச்சபையின் காசாலும் ஆசிரியர்களின் பொறுமையாலும் அவை உயிர் பிழைத்தன. யாரை எடுப்பது என்று தாங்களே முடிவு செய்கிற சுதந்திரத்துக்காகக் கொடுத்த விலை அது. மரியாதைக்குரிய விலை. ஆனால் தானே முடிவெடுக்கிற சுதந்திரமும் காரணம் சொல்லாமல் இருக்கிற சுதந்திரமும் ஒன்றல்ல.

இரண்டாவது பதில் இன்னும் நாகரிகமானது. பிள்ளையை முழுமையாகப் பார்க்க வேண்டும், புள்ளியில் அடக்க முடியாது என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. இந்தப் பாசையை உலகத்துக்கே படிப்பித்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, விண்ணப்பித்த பிள்ளை எங்கள் மேல் எவ்வளவு விருப்பம் காட்டியது என்று கணக்கு வைத்திருக்கும். வளாகத்தைப் பார்க்க வந்தாரா, மின்னஞ்சலைத் திறந்தாரா என்றுகூட. ஹார்வர்ட் அனுமதி முறைக்கு எதிரான வழக்கு 2018 ஒக்ரோபரில் பொஸ்ரன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது இன்னொரு விருப்பமும் வெளியில் வந்தது. அனுமதிப் பொறுப்பாளரிடம் ‘டீன்ஸ் இன்ரறஸ்ற் லிஸ்ற்’ என்று ஒரு பட்டியல் இருந்தது. நன்கொடையாளர்களோடு தொடர்புள்ள பிள்ளைகளின் பெயர்களும் அதில். ‘இசட் லிஸ்ற்’ என்று இன்னொன்று, ஒரு வருடம் பொறுத்து வா என்று சொல்லிப் பின்வாசலால் எடுக்கப்படுகிறவர்களுக்கு. எங்கட இசட் ஒரு புள்ளி, அவர்களின் இசட் ஒரு வாசல்! முழுமையாகப் பார்க்கிறோம் என்ற வசனத்துக்குள் இத்தனையும் இருந்தன, ஒரு வழக்குப் போட்டுத்தான் அவற்றை வெளியே எடுக்க வேண்டி வந்தது. வின்ஸ்லோவையும் அக்னியூவையும் உடுவிலுக்கு அனுப்பிய மிஷன் சங்கத்தின் தலைமையகமும் பொஸ்ரன்தான். அங்கேயே நிலை இப்படி. முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வருகிற தாய் எந்த நீதிமன்றத்துக்குப் போவா?

திருச்சபைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டுமா? கொடுங்கோ. எழுதிக் கொடுங்கோ. பழைய மாணவியின் மகளுக்கு இத்தனை கட்டில், தீவுப்பகுதிக்கும் வன்னிக்கும் இத்தனை கட்டில், நன்கொடை தருகிறவருக்கு இத்தனை என்றால் அதையும் எழுதுங்கோ. எழுதக் கை கூசினால் ஏன் கூசுகிறது என்று நிர்வாகக் குழு தன்னைத்தான் கேட்க வேண்டும். பிள்ளையை நேரில் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விடுதியில் தனியாக இருக்கக்கூடிய பிள்ளையா என்று பார்க்கத்தான் வேண்டும். பார்த்ததை ஒரு வரியில் பெற்றோருக்குச் சொல்லுங்கோ என்றுதான் சொல்கிறேன்.

முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னால் சனம் நொந்துபோகும் என்பது கடைசிச் சமாதானம். இந்த இரக்கத்தை நான் நம்பவில்லை. ‘இல்லை’ ஒருநாள் நோகும். ‘பாப்பம்’ ஒரு வருடத்தைத் தின்னும். அதைவிட, ‘பாப்பம்’ சொன்ன அன்றைக்கே ஒரு சந்தை திறந்துவிடுகிறது. தெரிந்த போதகர், தெரிந்த அதிபரின் தெரிந்த மாமா, கனடாவிலிருந்து ஒரு கோல், பரிசளிப்பு விழாவுக்கு ஒரு காசோலை, திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வாங்கில் குடும்பத்தோடு ஆராதனை. (கடைசி விசயத்தில் போதகர்மாருக்கும் குழப்பம் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆவியானவரா அனுமதியா என்று.) அந்தச் சந்தையில் செலவழிக்க எதுவும் இல்லாதவர்கள்தான் சிரிப்பை நம்பி வீட்டில் இருக்கிறார்கள்.

இதைப் பெற்றோர் போய்க் கேட்கட்டும் என்று சொல்வது நியாயமில்லை. கேள்வி கேட்ட தாயின் படிவம் அடியில் போய்விடும் என்ற பயம் சும்மா வந்த பயம் இல்லை. கேட்க வேண்டியவர்கள், கேட்டால் எதையும் இழக்காதவர்கள்: பழைய மாணவர் சங்கங்கள். கொழும்பில், லண்டனில், ரொறொன்ரோவில் இராப்போசனம் வைத்துக் காசு சேர்த்துக் கட்டடம் கட்ட அனுப்புகிறீர்கள். கட்டடத்தின் படத்தைக் கேட்டு வாங்குகிறீர்கள், பெயர்ப்பலகையில் எழுத்துப் பிழை இருந்தால்கூடத் திருத்தச் சொல்கிறீர்கள். அடுத்த தரம் காசு அனுப்பும்போது இதையும் கேளுங்கோ: இந்த வருடம் விடுதிக்கு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேரை எடுத்தீர்கள், மிச்சப் பேருக்கு எந்தத் திகதியில் கடிதம் போனது? கடிதத்தின் பிரதி ஒன்றையும் கேளுங்கோ. தபால் செலவுதான் பிரச்சினை என்றால் அதையும் நீங்களே கட்டிவிடலாம்.